முப்பத்தெட்டு 'இல்லை', ஒரே ஒரு 'ஆமாம்'

அத்தியாயம் 6

"கதவைச் சாத்து டெல்மர். அழற ஆம்பளைக்குக் குளிர்காத்து ஆகாது" என்றாள் வெர்னா அக்கா.

சாத்தினேன். ஜனவரி மாதத்து டகோட்டாவில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் தாடியிலேயே கட்டியாகிவிடும். அழுதவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. எங்கள் எம்.எல்.ஏ. லைல் தோர்சன். ஆறடி மூன்று அங்குலம். வருஷத்தில் பாதி நாள் மாட்டுப்பண்ணை, மீதி நாள் சட்டமன்றம். காளை முட்டி விலா எலும்பு முறிந்தபோது "லேசா வலிக்குது" என்று மட்டும் சொன்ன மனிதர். அவர் எங்கள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கசக்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். விதைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை. அக்கா முப்பது வருஷம் மாட்டுச் சூடு பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தவள். சந்தைக்கு வரும் மாட்டின் தொடையில் போட்ட சூட்டுக் குறியைப் பார்த்து, இது யார் மாடு, யார் ஓட்டிக்கொண்டு வந்தது என்று சொல்வாள். ஓய்வு பெற்ற மறுநாளே வாசலில் 'துப்பறிவாளர்' என்று பலகை மாட்டிவிட்டாள். நான் அதே சந்தையில் ஏலம் கூவியவன். தொண்டை போனதும் அக்காவிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். தொண்டை மட்டும்தான் போனது, வாய் போகவில்லை என்பது அக்காவின் தீராத வருத்தம்.

"சொல்லு லைல்" என்றாள் அக்கா.

லைல் ஒரு பத்திரிகைத் துண்டை மேஜைமேல் வைத்தார். நவம்பர் ஓட்டெடுப்பு முடிவு. எதைப் பற்றி என்று பார்க்காமலேயே தெரியும். எம்.எல்.ஏ. தன் வீட்டிலிருந்து தலைநகருக்குப் போய்வர மைலுக்கு ஐந்து சென்ட். குதிரை வண்டிக் காலத்தில் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதை ஏற்ற வேண்டுமானால் சட்டமன்றம் ஜனங்களைக் கேட்க வேண்டும், ஜனங்கள் 'ஆமாம்' என்று ஓட்டுப் போட வேண்டும். இதுவரை நான்கு தடவை கேட்டாயிற்று. நான்கு தடவையும் 'இல்லை'.

"உங்க ஊரு நார்ட்ஹோம்ல மொத்தம் முப்பத்தொன்பது ஓட்டு" என்று அக்கா படித்தாள். "இல்லை, முப்பத்தெட்டு. ஆமாம், ஒண்ணு."

"ரெண்டு மாசமாப் பேசிப் பேசி, அந்த ஒண்ணு நான்தான்னு ஊரே முடிவு கட்டிருச்சு வெர்னா."

"சண்டைக்கு வராங்களா?"

"சண்டைக்கு வந்தாத்தான் தேவலையே! உதவி பண்றாங்க!" லைலின் குரல் உடைந்தது. "திங்கக்கிழமை வாசல்ல ஒரு பழைய கோட்டு. செவ்வாய்க்கிழமை ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. நேத்து காபிக் கடைல என் தோளத் தட்டி, 'கஷ்டம்னா வாயத் தொறந்து எங்ககிட்ட சொல்லணும் லைல், ஓட்டுப் பெட்டிகிட்டயா போய்ச் சொல்றது'ங்கறாங்க."

"உருளைக்கிழங்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அக்கா முறைத்தாள். லைல் யோசித்து, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பொய் சொல்லத் தெரியாத ஆள்.

"நீ என்ன போட்ட?"

"இல்லைன்னுதான். சத்தியமா. என் பெட்ரோலுக்கு நானே ஓட்டுப் போட்டுக்க என் கை வரல. மத்தவங்க போட்டா வாங்கிக்கலாம். நானே போட்டுக்கிட்டா என்ன மானம்? இப்ப அந்த மானமே போச்சு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எல்லாரும் காபிக்கு உக்காருவாங்க. எழுந்து நின்னு ராஜினாமா பண்றேன்னு சொல்லிரப் போறேன். அதுக்குள்ள அந்த ஆமாம் யாருன்னு கண்டுபிடிச்சுக் குடு வெர்னா. இல்லன்னா எனக்குச் சட்டமன்றமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"உங்க வீட்டம்மா டாக்னியா இருக்குமோ?" என்றேன். எனக்கு இதில் பெரிய மூளை தேவைப்படவில்லை.

லைலின் முகம் வெளுத்தது. "அவகிட்ட மட்டும் போயிராத! நான் இங்க வந்ததே அவளுக்குத் தெரியக் கூடாது!"

அவர் போனதும் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தேன். "முடிஞ்சது அக்கா. டாக்னிதான். பொண்டாட்டியக் காட்டிக் குடுக்க மனசில்லாம தவிக்கிறாரு மனுஷன்."

"பொண்டாட்டியக் காட்டிக் குடுக்க மனசில்லாதவன் துப்பறியற எடத்துக்கு ஏன்டா வரான்?"

நான் பேச்சை மாற்றினேன். "சரி, பெட்டியத் தொறந்து பாத்துட்டா?"

"ரெண்டு பேரும் ஜெயில்ல உக்காந்து பேசிக்கிட்டிருக்கலாம். ஓட்டுச் சீட்டுல பேரும் இருக்காது. நமக்குப் பாக்கக் கெடைக்கறது மூஞ்சி மட்டும்தான். வண்டிய எடு."

வெள்ளி, சனி இரண்டு நாளும் நார்ட்ஹோமில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். லைல் வீட்டை விட்டுவிட்டால் பதினெட்டு வீடு. எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "சீச்சீ, நான் இல்லம்மா." எல்லா வீட்டிலும் காபி. எங்கள் பக்கத்துக் காபியில் கோப்பையின் அடி தெரியும். ஆனால் அதை வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. கேட்டதும் வாங்கிக்கொள்கிறவன் பறக்காவெட்டி. முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்க வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம். மூன்றாவது தடவை "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்." நாலாவது தடவை "சரி, கொஞ்சூண்டு" என்று சொல்லிவிட்டு மூன்று கோப்பை குடிக்கலாம்.

கடைசி வீடு கிளாரன்ஸ் ஹாக்ருட்டுடையது. கடைசியில் வைத்ததே அவர்மேல் சந்தேகம் வர வழியில்லை என்பதால்தான். மாவட்டத்தில் 'இல்லை' கட்சிக்கே தலைவர் அவர். எழுபத்தோரு வயது, ஒல்லி, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. வைக்கோல் கொட்டகைச் சுவரில் வண்டி அளவு எழுத்தில் 'ஐந்து சென்ட் போதும்!' என்று எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு ஓட்டெடுப்பிலும் ஜெயித்ததும் அந்த வருஷத்தைக் கீழே சிவப்புப் பெயிண்டில் எழுதுவார். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் பார்க்க வருவார்கள்.

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கிளாரன்ஸ், சுவத்துல மூணு வருஷம்தான எழுதியிருக்கு? நவம்பர்லயும் நீங்கதான ஜெயிச்சீங்க? நாலாவத எழுதலயா?"

"குளிரும்மா. பெயிண்ட் ஒட்டாது" என்றார் கிளாரன்ஸ்.

"தபால் பெட்டி மினுமினுன்னு இருக்கே."

வாசலில் தபால் பெட்டி செக்கச் செவேல் என்று இருந்தது. விரலால் தொட்டேன். இந்த மாதம் அடித்தது.

"அது வேற பெயிண்ட்" என்றார் கிளாரன்ஸ். காது சிவந்துவிட்டது. "உள்ள வாங்க, ஏன் வெளியவே நிக்கறீங்க? காபி சாப்பிடறீங்களா?"

உள்ளே உட்கார்ந்தோம். அக்கா முறைப்படி மூன்று தடவை மறுத்து நாலாவதில் வாங்கிக்கொண்டாள். அடுத்தது நான். என் நிலைமை வேறு. பதினேழு வீட்டுக் காபியும் உள்ளே அலையடித்துக்கொண்டிருந்தது. மூன்று தடவை வேண்டாம் என்றேன். நாலாவது தடவையும் கிளாரன்ஸ் கெட்டிலைத் தூக்கினார்.

"வேணாங்க" என்றேன்.

கிளாரன்ஸ் கெட்டிலை அடுப்பில் திரும்ப வைத்தார். கோபம் இல்லை, மனிதர் நிஜமாகவே புண்பட்டுவிட்டார்.

"மூணு தடவ வேணாம்னா அது காபிய வேணாங்கறது தம்பி" என்றார் மெதுவாக. "நாலாவது தடவையும் வேணாம்னா அது ஆளையே வேணாங்கறது. எங்கம்மா மட்டும் இப்ப இருந்திருந்தா உன்ன வாசப்படி ஏத்தியிருக்க மாட்டா."

"குடுங்க சார், குடுங்க. பெரிய கோப்பையாவே குடுங்க" என்று பதறினேன். எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

திரும்பி வரும்போது இரண்டு மைல் தாண்டியிருப்போம். திடீரென்று அக்கா டாஷ்போர்டில் ஓங்கி அடித்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா? எனக்கு அவசரமா ஒதுங்க ஒரு மரமாவது கெடைக்குமான்னு தேடிட்டிருக்கேன், நீங்க சிரிக்கறீங்க."

"டெல்மர், இந்த மைல் காசு விஷயத்துல ஜனங்கள எத்தன தடவ கேட்டாங்க?"

"நாலு. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு நல்ல சட்டையாப் போட்டுட்டு வா."

"டாக்னிதான அக்கா?"

"நீ மரத்தத் தேடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நார்ட்ஹோம் லுத்தரன் சர்ச்சின் நிலத்தடிக் கூடம் நிரம்பி வழிந்தது. நீள மேஜைகளில் காபி, வேகவைத்த பன்றிக்கறி வைத்த ரொட்டி, புளிப்புத் தண்டு போட்ட ருபார்ப் கேக். லைல் ஒரு மூலையில் மனைவி டாக்னி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் தட்டில் மட்டும் ரொட்டி மலையாகக் குவிந்திருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் "எடுத்துக்க லைல், வீட்டுக்கும் கொஞ்சம் கட்டிக்க" என்று பரிவோடு வைத்துவிட்டுப் போனார்கள். மனிதர் அதைப் பார்க்கப் பார்க்கச் சுருங்கிக்கொண்டே போனார். டாக்னி பின்னல் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

லைல் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். நாளன்னைக்குச் சட்டமன்றம் கூடுது. நான்…"

"ஒரு நிமிஷம் லைல்" என்றாள் வெர்னா அக்கா. கையில் காபிக் கெட்டிலோடு நேராகக் கிளாரன்ஸ் ஹாக்ருட் முன்னால் போய் நின்றாள். சொல்ல மறந்துவிட்டேன், கிளாரன்ஸுக்கு அன்றைக்கு நடு மேஜை, அவரைச் சுற்றி அவர் கட்சிக்காரர்கள்.

"கிளாரன்ஸ், நவம்பர்ல அந்த ஒத்த ஆமாம் ஓட்டு, நீங்க போட்டதா?"

கூட்டம் 'கொல்'லென்று சிரித்தது. பாதிரியாரே சிரித்துவிட்டார்.

"ரகசிய ஓட்டும்மா அது!" என்று யாரோ கத்தினார்கள்.

"ரகசியம்தான். சொல்ல இஷ்டமில்லன்னா சொல்ல வேணாம். கேக்கறது என் மரியாதை" என்றாள் அக்கா, காபி ஊற்றுகிற அதே இனிப்புக் குரலில். "நீங்க போட்டதா கிளாரன்ஸ்?"

"சீச்சீ, நான் இல்ல" என்றார் கிளாரன்ஸ்.

எனக்குப் பழக்கதோஷம். வாய் தானாக முணுமுணுத்தது: "ஒரு தரம்…"

"அட, சும்மா சொல்லுங்க. நீங்களா?"

"இல்லம்மா இல்ல."

"ரெண்டு தரம்…"

"பரவாயில்ல, நம்ம ஊருதான. நீங்கதான?"

"ஐயோ, எனக்கெதுக்கு அதெல்லாம்? வேணாம், விடுங்க."

"மூணு தரம்" என்றேன். இப்போது சத்தமாகவே வந்துவிட்டது. சிரிப்பு நின்றிருந்தது. கிளாரன்ஸின் இஸ்திரிச் சட்டைக் காலரில் வியர்வை. அவர் கெட்டிலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கதவு தூரத்தில் இருந்தது.

அக்கா குனிந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல, "கிளாரன்ஸ்? நீங்கதான் போட்டீங்களா?" என்றாள்.

கிளாரன்ஸின் வாய் 'இல்' என்கிற அளவுக்குத் திறந்தது. அதற்கு மேல் வரவில்லை. தோள் தொங்கிவிட்டது.

"சரி…" என்றார். "கொஞ்சூண்டு."

பின்வரிசையில் ஒரு கோப்பை கீழே விழுந்து உடைந்தது. யாரும் குனியவில்லை.

"கொஞ்சூண்டு ஓட்டுன்னு ஒண்ணு இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"நான் என்னப்பா பண்ணுவேன்!" கிளாரன்ஸ் கத்தியே விட்டார். "மொதத் தடவ கேட்டாங்க, வேணாம்னேன். ரெண்டாவது தடவ, வேணாம். மூணாவது தடவ, வேணாம். எல்லாம் மொறையாத்தான் போய்ட்டிருந்துச்சு! நாலாவது தடவையும் கேட்டா? அந்த மறைப்புக்குள்ள பென்சிலோட நிக்கறேன். 'இல்லை' கட்டத்துக்கிட்ட கையக் கொண்டு போறேன், எங்கம்மா மொகம் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. ஒரு மாநிலமே நாலு தடவ கேக்குது, மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாங்கறதா? என்னை அப்படியா வளத்தாங்க? கை தானா ஆமாம் பக்கம் போயிருச்சு!"

முப்பத்தெட்டுப் பேர் முகமும் ஒன்றாக மாறியதை நான் என் ஏலக் காலத்தில்கூடப் பார்த்ததில்லை. விரல் விட்டு எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது விரலில் வந்து நின்றார்கள்.

"அடக் கடவுளே" என்றாள் முன்வரிசைக் கிழவி ஒருத்தி. "அப்ப நாமதான் நாலாவது தடவையும் வேணாம்னு சொன்னவங்களா?"

"ஊர் பூரா சொல்லியிருக்கோம்" என்றார் இன்னொருத்தர். அவமானத்தில் கேக்கைத் தள்ளி வைத்தார்.

பாதிரியார் எழுந்து லைலின் கையைப் பிடித்தார். "லைல், அப்ப நீ 'இல்லை'ன்னுதான் போட்டிருக்க. உன் பெட்ரோலுக்கு நீயே வேணாம்னு சொல்லியிருக்க. எங்கள மன்னிச்சிரு." கை தட்டினார்கள். கோட்டுக் கொடுத்தவர் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றார். லைல் நிமிர்ந்தார். அந்த ஆறடி மூன்று அங்குலமும் திரும்ப வந்துவிட்டது. அவர் சிரித்ததை அந்த வாரத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது, காபி அதிகமானதால்கூட இருக்கலாம்.

பின்னல் ஊசியின் சத்தம் நின்றது.

"என்னது?" என்று டாக்னி எழுந்தாள். "நீ இல்லைன்னு போட்டியா?"

லைலின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"ஆமாம்னு போடறேன்னு அடுப்படில நின்னு எங்கிட்ட சத்தியம் பண்ணியே! ரெண்டு பேரும் ஆமாம்னு போட்டா ஊரு பேராசைன்னு சொல்லும், உன் ஒண்ணே போதும்னுதான்யா நான் இல்லைன்னு போட்டேன்!"

"டாக்னி, எல்லாரும் பாக்கறாங்க…"

"பாக்கட்டும்! எட்டு வருஷமா அந்த ஹீட்டர் செத்த வண்டில போய்ட்டு வர. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முட்டி ரெண்டும் விறைச்சுப்போய் வந்து எறங்கற. தைலம் தேச்சுத் தேச்சு என் கை ரேகையே அழிஞ்சு போச்சு. பனில வண்டி நின்னு போச்சோ, நீ எங்கயாவது கெடக்கறியோன்னு ஜன்னல் பக்கமே உக்காந்திருக்கேன். மானமாம் மானம்! உன் மானத்துக்கு முட்டி வலிக்குமா? எனக்குத்தான்யா வலிக்குது!"

கடைசி வார்த்தையில் அவள் குரல் தழுதழுத்தது. டாக்னி மூக்கைத் துடைத்துக்கொண்டு, இருந்ததிலேயே பெரிய கேக் துண்டாக எடுத்துக் கிளாரன்ஸ் தட்டில் வைத்தாள். "இந்த ஊர்லயே என் புருஷன் முட்டிய நெனச்சுப் பாத்த ஒரே மனுஷன் நீங்கதான்."

"நான் முட்டிய நெனைக்கலம்மா…" என்று ஆரம்பித்த கிளாரன்ஸ், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, டாக்னின்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றேன் மெதுவாக.

"'ஆமாம்' போட்டது டாக்னின்னு சொன்ன. அவ போட்டது 'இல்லை'. வாய மூடு."

லைல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து அக்காவிடம் வந்து சேர்ந்தார். "வெர்னா" என்று காதோரம் கிசுகிசுத்தார். "அந்த ஆமாம் என்னோடதுதான்னு இப்ப மாத்திச் சொல்லிர முடியுமா?"

"மானத்தக் கண்டுபிடிச்சுக் குடுன்ன, குடுத்துட்டேன். திரும்ப எடுத்துக்கற பழக்கம் நமக்கில்ல."

"அப்ப ராஜினாமாவாவது…"

"அதெல்லாம் ஆகாது!" என்று முன்வரிசைக் கிழவி குறுக்கிட்டாள். "நீ போகணும் லைல். போய் அவங்கள இன்னொரு தடவ எங்களக் கேக்கச் சொல்லு."

"ஆமாப்பா, அஞ்சாவது தடவ கேக்கச் சொல்லு!" என்றார்கள் நான்கைந்து பேர். "நாங்க ஒண்ணும் மரியாதை தெரியாதவங்க இல்லன்னு அங்க சொல்லு!" எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தியது கிளாரன்ஸ், வாயில் கேக்கோடு.

ஜனங்கள் இப்படிக் கெஞ்சிக் கேட்கும்போது எந்த எம்.எல்.ஏ.வால் மறுக்க முடியும்? லைல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஊர் முழுவதும் படியேறி வந்து அவரை வழியனுப்பியது. குளிரில் எல்லோர் மூச்சும் புகையாகப் பறந்தது.

வெளியே லைலின் பழைய வண்டியின் இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் டாக்னி, மடியில் இரண்டு கம்பளி.

"நீ எங்க வர?" என்றார் லைல் பயந்துபோய். "நான் தனியாவே போய்க்கறேனே. எப்பவும் தனியாத்தான போறேன்?"

டாக்னி ஒரு கம்பளியை உதறி, பக்கத்து இருக்கையில் அவர் முட்டி வருகிற இடத்தில் விரித்தாள்.

"ஏறு" என்றாள். "நூத்தித் தொண்ணூறு மைல் இருக்கு. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."